காட்டு மஞ்சளைச் சுற்றிய கம்பி

டீ குடிக்கவில்லை என்பது மூன்றாவது கொண்டை ஊசி வளைவில்தான் வீரணனுக்கு உறைத்தது. முன் சீட்டில் யாரோ பிளாஸ்கைத் திறந்திருக்க வேண்டும், இஞ்சி வாசனை பஸ் முழுக்க வந்தது, நாக்கு ஊறியது, அடடா இன்னைக்கு டீயே போடலையே என்று நினைத்துக்கொண்டார். நினைத்ததில் தப்பொன்றும் இல்லை. வத்தலக்குண்டு ஆஸ்பத்திரியில் சர்க்கரைக்கு ரத்தம் எடுக்க வெறும் வயிற்றோடு வரச்சொல்லியிருந்தார்கள். டீ போடாமல்தான் கிளம்பவேண்டும். ஒச்சம்மாள் ராத்திரியே பால் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்து, "பழக்க தோசத்துல அடுப்பப் பத்த வச்சுறாதீக" என்று சொல்லிவிட்டுத்தான் படுத்தாள். எல்லாம் சரி. ஆனால் நினைப்பு அங்கே நிற்காமல் ஒரு படி பின்னால் போனது. டீ போடுவதற்கு முன்னால் என்ன செய்வார்? மோட்டார் ரூமுக்குப் போவார். டார்ச்சை அடித்துக்கொண்டு போய், சுவிட்சின் கைப்பிடியைக் கீழே இறக்கிவிட்டு, வந்த வழியே திரும்பி அடுப்படிக்குள் நுழைந்து டீ போடுவார். கார்த்திகையிலிருந்து ஒரு நாள் தவறாமல் இதுதான். மோட்டார் ரூம், டீ. மோட்டார் ரூம், டீ. இன்றைக்கு டீ இல்லை. அப்படியென்றால் மோட்டார் ரூம்?

அந்தச் சுவிட்சிலிருந்து கிளம்பும் ஒயர் எங்கே போகிறது என்பது இந்த உலகத்தில் தனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும் என்று வீரணன் நம்பிக்கொண்டிருந்தார். மோட்டார் ரூமின் பின்சுவரில் இறங்கி, மிளகுக் கொடிக்குள் ஒளிந்து, பலாமரத்து நிழலில் ஒரு கட்டில் அளவுக்கு இருக்கும் பாத்தியைச் சுற்றி முழங்கால் உயரத்தில் ஓடும் ஒற்றைக் கம்பி. அதில் ராத்திரி முழுக்க வீட்டு மின்சாரம், அப்படியே, குறைக்காமல். ஒச்சம்மாளிடம் பேட்டரிக் கம்பி என்று சொல்லியிருந்தார். தொட்டா சுண்டும், பன்னி பயந்து ஓடிரும், அவ்வளவுதான் என்றார். அவளும் தலையாட்டினாள். முப்பத்தோரு வருடம் லைன்மேனாக இருந்த மனுஷன், கொக்கி போட்டுக் கரண்டு திருடியவனையும் வேலியில் கரண்டு விட்டவனையும் நாயைத் திட்டுவது போலத் திட்டிக் கம்பியைச் சுருட்டிக்கொண்டு வந்த மனுஷன், ஓய்வு பெற்ற ஆறாம் வருடம் அதே காரியத்தைத் தன் கொல்லையில் செய்து வைத்திருந்தார். மற்றவனுக்கு விவரம் பத்தாது, நமக்குக் கரண்டைப் பற்றித் தெரியாதா என்பது அவர் தனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம். ராத்திரி ஒன்பதுக்கு ஏற்றி விடியற்காலை ஐந்துக்கு இறக்கிவிட்டால் யாருக்கு என்ன கெட்டுப்போகிறது? எல்லாம் நாலு கிழங்குக்காக. மிஞ்சிப்போனால் பதினைந்து நாள் நிற்கிற ஒரு பூவுக்காக.

இறக்கினேனா? இறக்கியிருப்பேன். கண்ணை மூடிப் பார்த்தார். கைப்பிடி கைக்குள் குளிர்ச்சியாக இருந்தது, அதை அழுத்தியது தெரிந்தது, மூலையில் பல்லி ஓடியது கூடத் தெரிந்தது. அப்பாடா. ஆனால் பல்லி ஓடியது நேற்றா இன்றைக்கா? போன வாரமாகவும் இருக்கலாம். நூற்றைம்பது காலைகள் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு ஒரே காலையாகக் கிடந்தன, இன்றைய காலையை மட்டும் நகத்தால் கீறி எடுக்கப் பார்த்தார், வரவில்லை. இன்றைக்கு என்ன செய்தேன், வரிசையாக வருவோம். எழுந்தேன். முகம் கழுவினேன். வேட்டி மாற்றினேன். ஒச்சம்மாள் தூங்கிக்கொண்டிருந்தாள், எழுப்பவேண்டாம் என்று மெதுவாகக் கதவைச் சாத்தினேன். சாத்துவதற்கு முன்னாலா, பின்னாலா? குனிந்து காலைப் பார்த்தார். நேற்று சாயங்காலம் மழை பெய்தது, மோட்டார் ரூமுக்குப் போகும் வழி செம்மண் சகதி, போயிருந்தால் செருப்பில் ஒட்டியிருக்கும். செருப்பு சுத்தமாக இருந்தது. போகவில்லை! இல்லையில்லை, இது வெளியூர் போகிற செருப்பு, கொல்லைக்குப் போவது அந்த ரப்பர் செருப்பு, அதில் சகதி இருக்கிறதா என்பது வீட்டு வாசலில் கிடக்கிறது, இங்கே இல்லை. பைக்குள் கையை விட்டுத் துழாவினார். போன வருடத்து ரத்தச் சீட்டு, குடை, துண்டு. டார்ச் இல்லை. டார்ச் இல்லையென்றால் அதற்கு என்ன அர்த்தம்? ஒரு அர்த்தமும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "என்ன பெருசு, எதையும் விட்டுட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டார். வீரணன் ஆமாம் என்றும் இல்லை என்றும் சேர்த்துத் தலையாட்டினார்.

எங்கே கொண்டுவந்து விட்டது பார், ஒரு காட்டு மஞ்சள். வேலையில் இருந்தபோது சோலைக்குள் லைன் போகிற வழியெல்லாம் மரம் வெட்டுவது அவர் பொறுப்பு. கம்பிக்கு இந்தப் பக்கம் இத்தனை அடி, அந்தப் பக்கம் இத்தனை அடி, கிளை எதுவும் நீளக்கூடாது. வெட்டிய இடத்தில் வெயில் தொப்பென்று விழும். அடுத்த வருடம் போய்ப் பார்த்தால் மரத்தடியில் இருந்ததெல்லாம் கருகிப்போய், பார்த்தீனியமும் உண்ணிச்செடியும் நிற்கும். அப்படி ஒரு சித்திரை மாதம், ரம்பத்தூள் குவியலைத் துளைத்துக்கொண்டு, இலை என்று ஒன்றுகூட இல்லாமல், வெறும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குப் பூ நின்றது. கீழே வெளிர்பச்சைக் கிண்ணங்களாக, மேலே போகப்போக ரோஸ் நிறமாக, கிண்ணத்துக்கு ஒன்றாக உள்ளே மஞ்சள் பூ. நிழலை வெட்டிப்போட்டவர்களுக்கு முன்னால் வந்து அது பாட்டுக்கு நின்றது. வீரணனுக்கு அழுகை வந்தது. மலையில் பிறந்து வளர்ந்தவனுக்கு ஒரு பூவைப் பார்த்து அழுகை வருமா என்று வெட்கமாகவும் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற வருடம் அதே இடத்துக்குப் போய், மிச்சமிருந்த நாலு கிழங்கை டூல்ஸ் பையில் போட்டு எடுத்து வந்தார். பலாமரத்தடியில் வைத்தார். சவுக்கு மரத்து இலை, பலா இலை எல்லாம் கூட்டி அள்ளி மெத்தை போட்டார். மார்கழியில் இலை காய்ந்து மண்ணுக்குள் போய்விடும், அப்போது தண்ணீர் காட்டக்கூடாது, அது தூங்குகிற நேரம். ஒச்சம்மாள் அதைப் பார்த்துப் பரிதாபப்பட்டு பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றி ஒன்றை அழுகவைத்தாள். "செத்துப்போச்சுன்னு நெனச்சேன், அதான் ஊத்துனேன்" என்றாள். செத்ததுக்கு எதுக்குடி தண்ணி என்று அவர் கத்தினார். மூன்று வருடம் வெறும் இலைதான். நாலாவது வருடம் சித்திரையில் முதல் மழை பெய்த மறுநாள் அவள்தான் முதலில் பார்த்தாள். கொல்லையிலிருந்து, "இங்க வாங்க" என்று ஒரு குரல். போனால் பூவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருக்கிறாள். அன்றிலிருந்து அது அவளுடைய பூ. அடுத்த வருடம் கூர் மண்ணைவிட்டு எட்டிப்பார்த்த அன்றைக்கு ராத்திரி பன்றி வந்து பாத்தியை உழுதுபோட்டது. பன்றிக்குக் கிழங்கு வேண்டாம், இவர் போட்ட இலை மெத்தைக்கு அடியில் கொழுத்துக் கிடந்த மண்புழுதான் வேண்டும். ஒச்சம்மாள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவர் பெற்ற பிள்ளைபோலத் துண்டு கிழங்கைப் பொறுக்கிப் பொறுக்கித் திரும்ப நட்டார், அதன்பிறகுதான் கம்பி.

முதல் மழை பெய்த மறுநாள். அந்த வார்த்தை எங்கிருந்தோ தானாக வந்து பிடரியில் அடித்தது. நேற்றுத்தானே மழை. சித்திரை பிறந்து முதல் மழை. அப்படியென்றால் இன்றைக்கு அவள் எழுந்ததும் கோழிக்கூட்டுக்குக்கூடப் போகமாட்டாள், நேரே பாத்திக்குத்தான் போவாள். செருப்புப் போடமாட்டாள், கொல்லைக்கு எதற்குச் செருப்பு என்பாள். ஈர மண். குந்தி உட்கார்ந்து, இலையை இரண்டு விரலால் விலக்குவாள், எட்டவில்லையென்றால் கம்பியை ஒரு கையால் பிடித்துத் தாழ்த்திக்கொண்டு குனிவாள், அப்படி அவள் குனிந்ததை அவரே எத்தனையோ காலை பார்த்திருக்கிறார், பார்த்துச் சிரித்திருக்கிறார். மணி ஆறே முக்கால். அவள் எழுகிற நேரம் ஏழு. போனை எடுத்தார். டவர் இல்லை. இந்த மலையில் எந்த வளைவில் டவர் கிடைக்கும், எந்தப் பாலத்தில் போகும் என்பது அவருக்கு அத்துபடி. இன்னும் இரண்டு வளைவு. கண்டக்டரைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லலாமா? நிறுத்தி? ஏறு முகமாக ஓடவா? பஸ் ஆடி அசைந்து பால் கேன் ஏற்றிக்கொண்டு நின்றது. ஏறுகிறவன் டிரைவரிடம் ஊர்க்கதை பேசினான். ஒருவழியாகப் போனில் இரண்டு கோடு வந்தது. போட்டார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டார். அடித்து ஓய்ந்தது. தூங்குகிறாள். இல்லை, கொல்லையில் இருக்கிறாள். கொல்லையில் இருந்தால்?

கோம்பையில் ஒரு தரம் மக்காச்சோளக் காட்டில், கரண்டு வேலியில் சிக்கிச் செத்த ஒரு பொம்பளையைத் தூக்கினார்கள். புல்லறுக்க வந்தவள். கம்பியைப் பிடித்த விரல்களைப் பிரிக்க முடியவில்லை, கரண்டை அணைத்து அரைமணி ஆகியும் முடியவில்லை, ஒவ்வொரு விரலாகப் பிரித்தது வீரணன்தான். கை சூடாகக்கூட இருந்தது. கண்ணாடி வளையல் ஒன்றுகூட உடையவில்லை. அன்றைக்கு அந்தக் காட்டுக்காரனைச் செருப்பால் அடிக்கப் போனார், நாலு பேர் பிடித்து இழுத்தார்கள். அந்த வேகத்தில்தான் ஊருக்கு வந்து பக்கத்து வீட்டு மொக்கச்சாமி அவரைத்தோட்டத்தைச் சுற்றிப் போட்டிருந்த கம்பியையும் அறுத்தார். மொக்கச்சாமி அதுவரை மாமா மாமா என்று வளைய வந்தவன். "மாமா, பன்னி வந்தா என் வருசமே போயிரும், சொல்லிருந்தா நானே எடுத்திருப்பேன்ல" என்றான். "பேசாத. மனுச உயிர் ஒனக்கு அவரைக்காயா?" என்று சந்தையில் நிற்கிறவனுக்கும் கேட்கிற மாதிரி கத்திவிட்டு, மேலதிகாரிக்கு எழுதியும் போட்டார். எட்டு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. மூன்றாவது வீடு என்று ஒன்று அந்தப் பக்கத்தில் கிடையாது. மொக்கச்சாமியின் நம்பர் போனில் இருந்தது, வேலையில் இருந்த காலத்தில் ஏறியது, அழிக்கவில்லை. அதை எடுத்து வைத்துக்கொண்டார். பச்சைப் பொத்தான்மேல் கட்டைவிரல் நின்றது. என்னவென்று சொல்வது? என் வேலியில் கரண்டு இருக்கிறது என்று, அவனிடம், நானா? முதலில் கேட்டுவிட்டுச் சிரிப்பான். அப்புறம் டீக்கடையில் சொல்வான். ஏன் பொய்யாக ஏதாவது சொல்லக்கூடாது, மோட்டார் ஓடுது போய் நிறுத்து என்று? அதற்குள் அவன் கம்பியில் கை வைத்துவிட்டால்? ஒருவேளை நான் இறக்கியிருந்தால்? இறக்கித்தான் இருப்பேன், முப்பத்தோரு வருடத்துக் கை, தானாகச் செய்திருக்கும், வீணாக எதற்கு மானத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு வளைவு போனது. அடுத்த வளைவு தாண்டினால் பாலம், பாலம் வந்தால் டவர் போய்விடும். விரல் நின்ற இடத்திலேயே நின்றது. இரண்டாவது வளைவில் பஸ் பாதி திரும்பியபோதுதான் அவர் தன்னைப் பார்த்தார். உள்ளே ஒருவன் ஒரு தட்டில் ஒச்சம்மாளையும் மறு தட்டில் மொக்கச்சாமியின் சிரிப்பையும் வைத்து நிறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் பேர் வீரணன். இவனோடா அறுபத்தாறு வருடம் இருந்தேன் என்று அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொத்தானை அழுத்தினார்.

"மொக்கச்சாமி, நான் வீரணன்."

பதிலுக்குக் காத்திருக்காமல் மேலே பேசினார்.

"எங்க கொல்லையில பலாமரத்தடிக் கம்பியில கரண்டு இருக்குது. மெயின் கரண்டு. நான் எறக்கினனான்னு தெரியல. ஒங்க அத்தை அங்கதான் போவா. ஓடுப்பா. கம்பியத் தொட்டுறாத, மொதல்ல மோட்டார் ரூமுக்குப் போ."

"எந்தச் சுவிட்சு?" என்றான் மொக்கச்சாமி. வேறொன்றும் கேட்கவில்லை.

"பெரிய கைப்பிடி. கீழ எறக்கு" என்று சொல்லும்போதே பாலம் வந்துவிட்டது. கேட்டானா இல்லையா தெரியாது. வீரணன் எழுந்து நின்று கத்தினார். என்ன கத்தினார் என்று அவருக்கே நினைவில்லை, டிரைவர் சடன் பிரேக் போட்டார். இறங்கினார். மேலே வாழைத்தார் ஏற்றப் போன ஒரு ஜீப் நின்றது. ஏறி உட்கார்ந்தார். டிரைவர் பையன் ஏதோ கேட்டான், பதில் சொன்னதாகத்தான் ஞாபகம். அரைமணி நேர வழி. கோம்பைப் பொம்பளையின் கை திரும்பத் திரும்ப வந்தது, ஒவ்வொரு தரமும் அந்தக் கையில் ஒச்சம்மாளின் பச்சைக் கண்ணாடி வளையல் ஏறிக்கொண்டது. கல்யாணமான புதிதில் அவள் கம்பத்தடியில் வந்து நிற்பாள், சோற்றுத் தூக்கோடு, அண்ணாந்து பார்த்துக்கொண்டு, நீங்க கீழ எறங்குங்க அப்புறம் போறேன் என்பாள். ஏண்டி நான் விழுந்தா நீ தாங்கிப் பிடிப்பியா என்று மேலிருந்து கேலி செய்வார். முப்பத்தோரு வருடம் அவர் கரண்டில் சாகவில்லை. அவள் சாகப்போகிறாள், குந்தி உட்கார்ந்து, பூப் பார்க்க. தெய்வமே நான் இறக்கியிருக்கணும், நான் இறக்கியிருக்கணும் என்று வாய்விட்டே சொன்னார். ஜீப் பையன் ரேடியோவை அணைத்துவிட்டான்.

ஜீப்பைவிட்டு இறங்கினால், வீட்டுத் தடுப்புக் கட்டையைத் திறந்துகொண்டு மொக்கச்சாமி எதிரே வந்தான். இடுப்புத் துண்டு அவிழ்ந்து தோளில் கிடந்தது, முழங்கால்வரை சகதி. வீரணன் அவன் முகத்தைப் பார்க்கப் பயந்து அவன் கால்களைப் பார்த்தார். "அத்தை நல்லாத்தான் இருக்கு" என்றான் மொக்கச்சாமி. "நான் போகையிலயே சுவிட்சு எறங்கித்தான் இருந்துச்சு." அவ்வளவுதான், நிற்காமல் போய்விட்டான். எறங்கித்தான் இருந்துச்சு. வீரணன் தடுப்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இறங்கி இருந்தது. அப்படியென்றால் போயிருக்கிறேன், இறக்கியிருக்கிறேன். அந்தப் பல்லி இன்றைக்குப் பார்த்த பல்லிதான். கை மறக்கவில்லை, புத்திதான் கிழமாகிப்போய் ஊரைக் கூட்டிவிட்டது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கூடவே கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது, இரண்டையும் துண்டால் துடைத்துக்கொண்டே கொல்லைக்குப் போனார்.

ஒச்சம்மாள் கம்பிக்கு உள்ளே குந்தி உட்கார்ந்திருந்தாள். தலையை மட்டும் திருப்பினாள். "மொக்கச்சாமி தறிகெட்டு ஓடியாந்தான், பாவம், மூச்சு வாங்க முடியல. இங்க வாங்க. வந்துருச்சு."

காய்ந்த இலையை முட்டிக்கொண்டு ரோஸ் நுனி விரல் நீளத்துக்கு வந்திருந்தது. அவர் அதைச் சரியாகப் பார்க்கவில்லை. "போன் ஏன் எடுக்கல?"

"உள்ள கெடக்கும்."

"வீணா பயந்துட்டேன், புள்ள. நான் எறக்கிட்டுத்தான் போயிருக்கேன். மறக்குமா அது? கை தானா செஞ்சிருக்கு, நமக்குத்தான் நெனப்பு இல்ல."

ஒச்சம்மாள் இலையை ஒதுக்கினாள். அப்புறம், பூவைப் பார்த்தபடியே, "நீங்க எறக்கல" என்றாள்.

"என்ன?"

"ஏத்தியே கெடந்துச்சு. நான்தான் எறக்கினேன், நீங்க பஸ்ஸுக்குப் போனதும் எந்திரிச்சு."

"ஒனக்கு எப்படி..." என்று ஆரம்பித்தார்.

"பேட்டரின்னீக. பேட்டரி எங்கன்னு நான் கேட்டனா? லைன்மேன் பொண்டாட்டிக்கு மோட்டார் பெட்டியிலருந்து ஒயர் போறது தெரியாதா? தெனம் எந்திரிச்சதும் நான் போய் ஒரு எட்டுப் பாத்துட்டுத்தான் கோழியத் தொறந்து விடுறது." கையிலிருந்த மண்ணைத் தட்டினாள். "இது மூணாவது தடவ."

வீரணன் சண்டைக்குத்தான் தயாரானார். மூணாவதா, யாரிடம் கதை விடுகிறாய் என்று கேட்க வாயைத் திறந்தார். அவள் முகத்தில் சண்டை இல்லை. "எப்பெப்ப?" என்றார்.

"தையில ஒரு நா. அப்பறம் மாசியில, சிவராத்திரிக்கு நம்ம மக தமிழரசி வந்திருந்தாள்ல, அப்ப."

"யாழினியும் வந்திருந்துச்சே."

"ஆமா. புள்ள இந்த மரத்தடியிலதான் வெளையாண்டுக்கிட்டு இருந்துச்சு. நான் ஓடிப்போய் எறக்கிட்டு வந்து புள்ளையத் தூக்குனேன்."

அந்தக் காலை வீரணனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அதுதான் பயங்கரம். அடுப்படி வாசற்படியில் டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தார், பேத்தி மஞ்சள் கவுனில் பலாப்பிஞ்சு பொறுக்கிக்கொண்டிருந்தாள், தாத்தா இது தாத்தா இது என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள், அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். விடிந்ததும் முதல் வேலையாகச் சுவிட்சை இறக்கியாயிற்று, பிள்ளை விளையாடட்டும் என்று நினைத்ததுகூட ஞாபகம் இருந்தது. கைப்பிடியின் குளிர்ச்சி உள்ளங்கையில் இருந்தது. இப்போதும் இருந்தது. ஒச்சம்மாள் திடீரென்று ஓடியதையும் பிள்ளையைத் தூக்கியதையும் பார்த்து, என்னடி ஆச்சு என்று கேட்டார், கட்டெறும்பு என்றாள். கட்டெறும்பு. வீரணன் அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா ஒத்துக்குவீகளா? மறந்துட்டீகன்னு ஒங்ககிட்டச் சொல்ல முடியுமா?" குரலை இறக்கி, "எனக்கும் பூ வேணும்னு இருந்துச்சு" என்றாள்.

வீரணன் எழுந்து கட்டிங் பிளேயரைத் தேடி எடுத்துக்கொண்டு மோட்டார் ரூமுக்குப் போனார். கைப்பிடி கீழே இருந்தது. பார்த்தார், தொட்டுப் பார்த்தார், மறுபடி பார்த்தார். பீஸ் கட்டையை உருவினார், பெட்டியைத் திறந்து ஒயரைக் கழற்றினார், நுனியை மடக்கி டேப் சுற்றினார், சுவருக்கு வெளியே இருந்ததைத் துண்டு துண்டாக அறுத்துப் போட்டார். முப்பத்தோரு வருடம் கம்பத்தின் உச்சியிலிருந்து லைன் கிளியர், கரண்டு இல்லை என்று அவர் சொன்ன ஒரு சொல்லை நம்பி எத்தனையோ பேர் கம்பியில் கை வைத்திருக்கிறார்கள். வெளியே வந்து இரண்டு அடி எடுத்து வைத்தவருக்கு, உள்ளே இப்போது செய்ததெல்லாம் இன்றைக்குச் செய்ததுதானா என்று ஒரு கணம் சந்தேகம் தட்டியது. கால் அங்கேயே நின்றுவிட்டது.

"ஏ புள்ள" என்று கூப்பிட்டார். "உள்ள போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு. கழட்டிட்டனா?"

ஒச்சம்மாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "கழட்டிட்டீக."

"இன்னொரு தடவ பாரு" என்றார் வீரணன்.

அவள் மறுபடியும் உள்ளே போனாள்.